கணக்கு டீச்சரின் வண்டி

ஜூன் 4

அன்புள்ள ரேடியோவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போன வாரம் பாதிப் பேச்சில் போனை வைத்தது நீ. நானே திரும்பக் கூப்பிட்டிருப்பேன். ஆனால் போனில் நீ வாயைத் திறந்தால் கொஞ்ச நேரத்தில் தப்பெல்லாம் என்னுடையது என்று நானே ஒப்புக்கொண்டுவிடுவேன். சின்ன வயசிலிருந்து அதுதானே நடக்கிறது. நீ டம்ளரை உடைப்பாய், பேசிப் பேசி கடைசியில் அம்மாவிடம் அடி வாங்குவது நானாக இருக்கும். அதனால் இந்த விஷயம் தீரும்வரை நமக்குள் எழுத்துதான். எழுத்தில் உன் குரல் வராது.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஊரெல்லாம் உன்னிடம் கார் வாங்குகிறது, கூடப்பிறந்தவள் வேறு கடையில் போய் வாங்கிவிட்டாள். உன் கடையில் உன்னைக் கேலி செய்திருப்பார்கள். ஆனால் நீயே யோசி. உன்னிடம் வாங்கியிருந்தால் வண்டி பிடித்து வாங்கினேனா, நீ பேசினதில் மயங்கி வாங்கினேனா என்று எனக்கே தெரியாமல் போயிருக்கும். பழைய காரை யாரோ ஒரு அந்நியரிடம் வாங்கினால் கண்ணைத் திறந்துகொண்டு வாங்குவோம் என்று நினைத்தேன். தப்பா?

அச்சகத்தில் உன் மாமாவுக்கு இப்போது பாதி நாள்தான் வேலை. எங்கள் குடியிருப்பில் நாலு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டிவர ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் செய்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். அதற்குத்தான் கார். வீட்டுச் செலவு இனி அதை நம்பித்தான்.

வெள்ளை வண்டி. உள்ளே அப்படி ஒரு சுத்தம். கடையில் நீலச் சட்டை போட்ட ஒரு ஆள் காட்டினான். உன்னை மாதிரி வளவளவென்று பேசவில்லை. ஒரே ஒரு விஷயம் சொன்னான். "ஒரு கணக்கு டீச்சர் வச்சிருந்த வண்டிம்மா. வீடு, பள்ளிக்கூடம், திரும்ப வீடு. வேற எங்கயும் போனதில்ல. இப்ப அவங்களுக்குக் கண் பார்வை சரியில்ல, அதான் குடுக்கிறாங்க." பள்ளிக்கூடத்துக்கே ஓடின வண்டி மறுபடி பள்ளிக்கூடத்துக்கு ஓடப்போகிறது என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அந்த டீச்சருக்கு நன்றி சொல்லி நாலு வரி எழுதி அவன் கையில் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டு, "டீச்சர் படிச்சிட்டு ரொம்ப சந்தோஷப்பட்டாங்கம்மா" என்றான். உங்கள் தொழிலிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்.

உன் வீட்டுக்காரியின் உடம்பு எப்படி இருக்கிறது? காலையில் வாந்தி நின்றதா?

அக்கா

ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத்தில் என் குரல் வராதாம். வரவைத்துக் காட்டுகிறேன் பார்.

ஆமாம், கேலி செய்தார்கள். "சொந்த அக்காவுக்கே விக்க முடியாதவன் நமக்குப் பாடம் நடத்துறான்" என்றார்கள். போன மாதம் அதிகம் விற்றது நான்தான் என்று சுவரில் என் போட்டோவை மாட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே நின்றுகொண்டு இதைக் கேட்டேன். மூக்கு உடைந்துபோனது. அதனால்தான் போனை வைத்தேன். அது தப்புதான், விடு.

நல்லவன் நீலச் சட்டை பற்றி எழுதியிருந்தாய். உன்னிடம் சில விஷயங்கள் கேட்கவேண்டும். டீச்சர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை யாரையும் தொடவிடாமல் தானே ஈரத்துணியால் துடைப்பார் என்று சொன்னானா? சாவியைக் கொடுக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்றும் சொன்னானா?

பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? டயர் ஒரு ஓரமாக மட்டும் தேய்கிறதா?

நாலு கதவுக் கண்ணாடியிலும் கீழ் மூலையில் பொடி எழுத்தில் ஒரு முத்திரை இருக்கும். செய்த வருஷமும் அதில் இருக்கும். முன் கதவுக்கும் பின் கதவுக்கும் ஒரே வருஷமா என்று பார்த்து எழுது. மறக்காதே.

இவளுக்கு வாந்தி நின்றுவிட்டது. இப்போது ராப்பகலாகப் பசி. என் சம்பளம் பத்தாது போலிருக்கிறது.

உன் தம்பி

ஜூன் 15

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை துடைப்பதைச் சொன்னான். சாவி கொடுக்கும்போது கண் கலங்கியதையும் சொன்னான். ஆனால் அதையெல்லாம் நான் உனக்கு எழுதவே இல்லையே. உனக்கு எப்படித் தெரியும்? அந்த டீச்சரை உனக்குத் தெரியுமா? தெரிந்தால் விலாசம் கொடு, நேரில் போய்ப் பார்க்கவேண்டும்.

கண்ணாடி மூலையையெல்லாம் நான் பார்க்கவில்லை, பார்க்கப்போவதும் இல்லை. எனக்குப் புரிகிறது உன் கணக்கு. உன் கடையில் வாங்காத வண்டியில் ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடித்தால்தான் உனக்குத் தூக்கம் வரும். வயிற்றெரிச்சல் என்று சொல்லமாட்டேன். நீயே சொல்லிக்கொள்.

பிரேக் போட்டால் இடது பக்கம் கொஞ்சம் இழுக்கிறதுதான். "ரோடு சாய்வா இருந்தா எந்த வண்டியும் இழுக்கும்" என்றார் உன் மாமா. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அடியிலிருந்து ஒரு சத்தம் வருகிறது. பிள்ளைகள் அதற்கு "வண்டி கொட்டாவி விடுது" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாலு பேரும் பின் சீட்டில்தான் உட்காருவார்கள், முன்னால் நான் யாரையும் விடுவதில்லை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் நாலு பேரும் சேர்ந்து கொட்டாவி விடுவார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிடும்.

இந்த வண்டி வந்த பிறகுதான் வீட்டில் கொஞ்சம் மூச்சு விடுகிறோம். அதைக் கெடுக்காதே.

அக்கா

ஜூன் 19

அக்காவுக்கு,

இதைப் படித்து முடிக்கும்வரை வண்டியை எடுக்காதே. படித்த பிறகும் எடுக்காதே.

அப்படி ஒரு டீச்சர் கிடையாது. நான் கட்டிய கதை அது.

ஒரு மழை நாளில் ஒருவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். வாங்கவும் மனசில்லை, போகவும் மனசில்லை. "யாரு வச்சிருந்தது?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. வண்டி ஏலத்தில் வந்தது. தெரியாது என்று சொன்னால் போய்விடுவார். வாயில் வந்ததைச் சொன்னேன். கணக்கு டீச்சர், வீடு, பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை ஈரத்துணி. மனுஷன் உடனே வாங்கிவிட்டார். அடுத்த கூட்டத்தில் முதலாளி என்னை எழுப்பி நிறுத்தி அதை எல்லோருக்கும் சொல்லிக் காட்டச் சொன்னார். கை தட்டினார்கள். பிறகு அவருடைய எல்லாக் கடைக்கும் போய் நான்தான் கற்றுக்கொடுத்தேன். டீச்சருக்குப் பெயர் மட்டும் வைக்கக்கூடாது என்றும் சொல்லிக்கொடுத்தேன். பெயர் வைத்தால் யாராவது தேடிப்போவார்கள்.

உன் ஊர்க் கடையின் போர்டில் வேறு பெயர் இருந்தாலும் முதலாளி ஒருவர்தான். நீ யாரோ அந்நியரிடம் வாங்கவில்லை அக்கா. என்னிடம்தான் வாங்கினாய்.

இதைப் பெரிய பாவம் என்று நான் நினைத்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பொய்யா என்று யாராவது கேட்டால், கதை என்று சொல்வேன். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது நாலு வார்த்தை கூட்டிச் சொல்வதில்லையா, அந்த மாதிரி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

ஆனால் எங்கள் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல வண்டிக்கு யாரும் கதை சொல்லமாட்டார்கள். அதுவே விற்றுவிடும். டீச்சர் வருவது கோளாறுள்ள வண்டிக்குத்தான். என்ன கோளாறு என்று விற்கிறவனுக்குச் சொல்லமாட்டார்கள். "டீச்சர் வண்டி" என்று மட்டும் சொல்வார்கள், நாங்கள் புரிந்துகொள்வோம். நீ எழுதிய அந்தக் கொட்டாவிச் சத்தத்தைப் படித்ததும் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வயிற்றெரிச்சல் என்றே வைத்துக்கொள். ஆனால் கண்ணாடி மூலையைப் பார். முன் சீட்டைப் பின்னால் தள்ளி, காலடியில் விரித்திருக்கும் மேட்டைத் தூக்கி, அடித் தகட்டில் குறுக்காக ஏதாவது தழும்பு இருக்கிறதா என்று பார். பார்க்கும்வரை பிள்ளைகளை ஏற்றாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

உன் தம்பி

ஜூன் 24

தம்பிக்கு,

பார்த்துவிட்டேன்.

முன் கதவுக் கண்ணாடி இரண்டும் ஒரு வருஷம். பின் கதவு இரண்டும் வேறு வருஷம். மேட்டைத் தூக்கினால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை வெல்டிங் தழும்பு, அதன்மேல் கறுப்புப் பெயின்ட். உன் மாமா கையை வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு போய்க் கையைக் கழுவினார்.

மெக்கானிக்கிடம் காட்டினோம். முன்னால் அடிபட்ட ஒரு காரின் பின்பாதியையும், பின்னால் அடிபட்ட இன்னொரு காரின் முன்பாதியையும் வெட்டி ஒட்டியிருக்கிறார்களாம். "மெதுவா ஓட்டினா ஓடிக்கிட்டே இருக்கும்மா. எங்கயாவது பலமா இடிச்சா ஒட்டின இடத்துலயே பிரிஞ்சிரும்" என்றார். பிள்ளைகள் உட்கார்ந்தது பின்பாதியில், தம்பி. நாலு பேரும் பின்பாதியில்.

கடைக்குப் போனேன். நீலச் சட்டை என்னைத் தெரியாதவன் மாதிரி பார்த்தான். மேனேஜர் வந்து, "ஓட்டிப் பாத்தீங்க, பிடிச்சிருக்குன்னு கையெழுத்துப் போட்டீங்க. இப்ப வந்து கேட்டா எப்படிங்க?" என்றார். டீச்சரைப் பற்றிக் கேட்டேன். "எந்த டீச்சர்?" என்றார். நான் எழுதிக் கொடுத்த நன்றிக் கடிதத்தை அவர்கள் உட்கார்ந்து படித்துச் சிரித்திருப்பார்கள். என்னை இளிச்சவாயாக்கியது நீலச் சட்டை இல்லை. நீ.

உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று எழுதினால் இந்தத் தாள் பத்தாது. அதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். இப்போது ஒரு விஷயம் வேண்டும். நுகர்வோர் மன்றத்தில் கேட்டேன். "வெல்டிங் எங்களுக்கே தெரியாது என்று அவர்கள் சொல்வார்கள். தெரிந்தே மறைத்தார்கள் என்பதற்கு உள்ளேயிருந்து யாராவது சொன்னால்தான் பலம்" என்றார் அங்கிருந்த வக்கீலம்மா. நீ எனக்கு எழுதிய அந்த வழக்கத்தை, டீச்சர் வண்டி என்றால் என்ன அர்த்தம் என்பதை, அங்கே வந்து சொல்வாயா?

முடியாது என்றால் முடியாது என்று எழுது. பூசி மெழுகாதே.

அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே சுற்றுகிறேன். மறுபடி எடுத்துப் படிக்கத்தான் தைரியமில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். நான் மன்றத்தில் வந்து நின்றால் இந்தத் தொழிலில் எந்த முதலாளியும் என்னை வாசலில்கூட நிறுத்தமாட்டார். எனக்குத் தெரிந்தது இந்தப் பேச்சு ஒன்றுதான். இவள் மாசமாக இருக்கிறாள். அவளிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை. பூசி மெழுகுகிறேன் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள்.

ஆனால் சும்மா இருக்கவில்லை. நேராக முதலாளியிடம் போனேன். "சார், நீங்க வித்தது என் அக்காவுக்கு" என்றேன். எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, "அட, முதல்லயே சொல்லக்கூடாதா? நம்ம வீட்டுப் பொண்ணு" என்றார். வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். கொடுத்த பணம் முழுசாக உன் கைக்கு வரும், ஒரு காசு பிடிக்கமாட்டார்கள். பதிலுக்கு, இனி இதைப் பற்றி எங்கேயும் பேசமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார். மன்றத்துக்குப் போனால் வருஷக்கணக்கில் இழுக்கும். அதுவரை வண்டி வாசலில் துருப்பிடித்துக்கொண்டு நிற்கும், நீ வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பாய்.

வாங்கிக்கொள் அக்கா. யாருக்கும் இப்படிக் கிடைத்ததில்லை. என் முகத்துக்காகத்தான் செய்கிறார்.

உன் தம்பி

ஜூலை 9

தம்பிக்கு,

பணம் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

போடுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி முழுக்க நானும் உன் மாமாவும் பேசினோம். பேசி என்ன, அரிசி டப்பா காலியாக இருக்கிறது. பிள்ளைகளின் வீட்டில் வண்டி சர்வீசில் இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் "எங்க பிள்ளைய அதுலயா ஏத்திக்கிட்டுப் போனீங்க?" என்று கேட்பார்கள். அப்புறம் எந்த வண்டி வாங்கினாலும் என்னிடம் அனுப்பமாட்டார்கள். உன்னைத் திட்டின வாயால் நானும் ஒரு பொய் சொல்லிவிட்டேன். எவ்வளவு சுலபமாக வருகிறது என்று பார்த்தாயா?

இன்னொன்று மனசை அரிக்கிறது. வண்டியை எடுத்துப்போக ஒரே ஒரு டிரைவர் வந்தான். கட்டி இழுத்துப்போக லாரி எதுவும் வரவில்லை. சாவியை வாங்கினான், உட்கார்ந்தான், ஓட்டிக்கொண்டு போய்விட்டான். உடைக்கப்போகிற வண்டியை யாராவது பத்திரமாக ஓட்டிக்கொண்டு போவார்களா? போவதற்கு முன் கண்ணாடியை வேறு துடைத்தான்.

அந்த வண்டியை என்ன செய்யப்போகிறார்கள்? கேட்டு எழுது.

அக்கா

ஜூலை 15

அக்காவுக்கு,

கேட்டுவிட்டேன். "உடைக்கத்தான் போகுது, வேற என்ன? உன் அக்காகிட்ட சொல்லு, நிம்மதியா இருக்கட்டும்" என்றார் முதலாளி. என் தோளில் கை போட்டுக்கொண்டே சொன்னார். நம்பினேன். நீயும் நம்பு. ஓட்டிக்கொண்டு போனது லாரி வாடகையை மிச்சம் பிடிக்கத்தான். அவருடைய கஞ்சத்தனம் எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இனிமேலாவது போனில் பேசலாமா? உன் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்குப் பரீட்சை ரிசல்ட் வந்த மாதிரி இருக்கிறது.

உன் தம்பி

ஆகஸ்ட் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னைக் கூப்பிட எத்தனையோ தடவை போனை எடுத்தேன். பேச்சு வரவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கடைக்குப் போனால் உன் வண்டி நிற்கிறது. நாலாவது வரிசையில், வாசலைப் பார்த்து. புது சீட் உறை, புது மேட், உள்ளே வாசனை அடித்திருந்தார்கள். வேறு வண்டியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கண்ணாடி மூலையைப் பார்த்தேன். முன்னால் ஒரு வருஷம், பின்னால் ஒரு வருஷம். ஒரு ஊரில் புகார் வந்த வண்டியைச் சத்தமில்லாமல் வேறு ஊர்க் கடைக்கு மாற்றுவது எங்கள் வழக்கம். எனக்குத் தெரிந்த வழக்கம்தான். இதற்கும் அதைச் செய்வார்கள் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை? தோன்றவேண்டாம் என்று நானே இருந்திருக்கிறேன்.

முதலாளியிடம் ஓடினேன். "சார், உடைக்கிறதா சொன்னீங்களே" என்றேன். தலையை நிமிர்த்தவே இல்லை. "உன் அக்காவுக்குத்தான் பணம் வந்துருச்சில்ல?" என்றார்.

மத்தியானம் இரண்டு சின்னஞ்சிறுசுகள் வந்தார்கள். புருஷன் பெண்டாட்டி, அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. நேராக உன் வண்டிக்குத்தான் போனார்கள். அந்தப் பெண் பின் கதவைத் திறந்து குழந்தையைச் சீட்டில் உட்காரவைத்துப் பார்த்தாள். அது சீட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தது. முதலாளி தன் அறையிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கையைக் காட்டினார், போ என்று. போனேன். எவ்வளவு ஓடும், என்ன விலை என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்கள். என் வாய் பாட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. பிறகு அவன் கேட்டான், "இதுக்கு முன்னாடி யாரு சார் வச்சிருந்தாங்க?"

டீச்சர் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டார், அக்கா. சத்தியமாகச் சொல்கிறேன், வந்துவிட்டார்.

"எங்க அக்கா வச்சிருந்தாங்க" என்றேன். "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போனாங்க. இது ரெண்டு வண்டியை வெட்டி ஒட்டினது. குழந்தையைத் தூக்கிக்கோங்க, கீழ காட்டுறேன்." சீட்டைத் தள்ளி மேட்டைத் தூக்கிக் காட்டினேன். அந்தப் பெண் குழந்தையை வாரித் தூக்கினாள். எனக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. திருடனைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனாள். அவள் பார்த்ததும் சரிதான்.

சுவரில் இருந்த என் போட்டோவை என் கண்ணெதிரிலேயே கழற்றினார்கள். இவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மடித்துக்கொண்டிருந்த துணியை முழுக்க மடித்து வைத்தாள். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை, அழுதுவிட்டேன்.

நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நினைக்காதே, முழுசாகக் கேள். மறுநாள் என் பையை எடுத்துவரப் போனேன். நாலாவது வரிசை காலியாக இருந்தது. நான் போனதும் வேறு ஒருத்தன் விற்றுவிட்டான். பில் போடும் அம்மா மட்டும் என் பின்னாலேயே வாசல்வரை வந்து, யார் வாங்கினது என்று காதோடு காதாகச் சொன்னார். ஊர் எல்லையில் ஒரு சின்ன பேக்கரி நடத்துபவராம். கடைச் சாமான் ஏற்ற, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக என்று வாங்கியிருக்கிறார். டீச்சர் கதையைக் கேட்டு ரொம்ப சந்தோஷப்பட்டாராம்.

அந்த பேக்கரி வாசல்வரை போனேன். வண்டி நிற்கிறது. ரிப்பன்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. உள்ளே போகத் தைரியம் வரவில்லை. நேற்று வேலை போனவன் இன்று வந்து அந்தக் கடை வண்டியைப் பற்றித் தப்பாகச் சொன்னால் யார் நம்புவார்கள்? முதலாளி அதைத்தான் சொல்வார். என்ன செய்யட்டும், சொல்.

உன் தம்பி

ஆகஸ்ட் 25

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை மாமாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கைக்குழந்தை இடம் வந்ததும் கடிதத்தை அவரிடம் நீட்டினேன், மீதியை அவர் படித்தார். உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். பாதி இருக்கிறது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டே உன்னை நினைத்துப் பெருமையாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

நீ ஒருத்தியை உட்காரவிடாமல் தடுத்தாய். நான் பணத்தை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். அந்த பேக்கரிக்காரர் வாசலில் வண்டி நிற்பதில் என் கையெழுத்துக்கும் பங்கு உண்டு. அதனால் சாயங்காலமே நாலு வீட்டுக்கும் போனேன். வண்டி சர்வீசில் இல்லை, இப்படி இப்படி என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வீட்டில் கதவை முகத்தில் சாத்தினார்கள். இன்னொரு அம்மா தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். மற்ற இரண்டு வீட்டிலும் புகாருக்குக் கூடவே வருகிறோம் என்றார்கள். என்னிடம் இனிப் பிள்ளைகளை அனுப்புவார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நேரமில்லை அது.

வக்கீலம்மாவிடம் நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளைக் காட்டினேன். ஆபத்தான வண்டியைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது என்று யாரும் யாரையும் கட்டிப்போட முடியாது, வழக்கு போட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மன்றத்திலும் போக்குவரத்து அலுவலகத்திலும் புகாரை எழுதிக் கொடுத்துவிட்டேன். நோட்டீஸ் போய்ச் சேர நாளாகுமாம். அதுவரை அவர் மாமியாரை அந்த வண்டியில்தானே கூட்டிப்போவார்? அதனால் நாம் காத்திருக்கப்போவதில்லை.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். மெக்கானிக் எடுத்த போட்டோக்கள், என் பெயர் இருக்கிற பழைய பதிவுத் தாளின் நகல், எல்லாம் பையில் இருக்கிறது. நீ தனியாகப் போனால் வேலை போனவன். கூட நான் இருந்தால் அந்த வண்டியை ஓட்டினவள் வந்திருக்கிறாள்.

அவர் நம்பமாட்டார். ஆசைப்பட்டு வாங்கின வண்டியைக் குறை சொன்னால் யாருக்கும் பிடிக்காது. எச்சரித்தது என் கூடப்பிறந்த தம்பி, அப்போதே நான் நம்பவில்லை. அந்த டீச்சரை அவருக்கும் பிடித்துப்போயிருக்கும். அப்படி ஒருத்தர் இல்லை என்று சொன்னால் கோபம் வரும், வெளியே போகச் சொல்வார். போகக்கூடாது. எத்தனை தடவை கதவைச் சாத்தினாலும் நிற்கவேண்டும், சாவியை அவர் கீழே வைக்கும்வரை.

போட்டோவை நான் காட்டுகிறேன். பேசவேண்டியது நீ. உன் வாயை நான் திட்டாத நாளில்லை. சனிக்கிழமை அது எனக்கு முழுசாக வேண்டும்.

அக்கா